பாடும் தகவும்: பழவேற்காட்டு மீனவர் வழக்கில் நிகழ்தகவு

முன்னுரை

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றியது தமிழ் மரபு. எனினும் இன்றைய கல்விமுறையில் எழுத்தைக் கற்போர் எண்ணைக் கண்டு அஞ்சுவதும், எண்ணைக் கற்போர் எழுத்தைப் புறக்கணிப்பதும் இயல்பாகிவிட்டன. குறிப்பாகப் புள்ளியியலின் தொடக்கப் பாடமாகிய ‘நிகழ்தகவு’ என்னும் பகுதியை மாணவர் பலர் நாணயம், பகடை, சீட்டுக்கட்டு ஆகியவற்றைப் பற்றிய விளையாட்டுக் கணக்காகவே எண்ணிக் கடந்துவிடுகின்றனர். பகடையும் சீட்டுக்கட்டும் சூதாட்டக் கருவிகளாதலின், பெரியோர் சிலர் அப்பாடத்தையே சற்று ஐயத்தோடு நோக்குவதும் உண்டு.

ஆனால் சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் உள்ள பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவர் சிற்றூர்களில் இக்கணக்கு சூதிற்கு உரியதன்று, சோற்றுக்கு உரியது. எந்த நாளில் எவர் எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதைச் சீட்டும் சுற்றும் கொண்டு தீர்மானிக்கும் ‘பாடு’ என்னும் வழக்கம் அங்கு உண்டு. நிகழ்தகவின் அடிப்படைக் கருத்துகளை அவ்வழக்கத்தின் துணைகொண்டு விளக்குவதும், அக்கணக்கு எங்கே நின்றுவிடுகின்றது, எங்கே மனிதரின் நீதியுணர்வு தொடங்க வேண்டியிருக்கின்றது என்று காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொற்களை ஆராய்வோம். ‘நிகழ்தகவு’ என்பது நிகழ், தகவு என்னும் இரண்டின் கூட்டு. ‘தகவு’ என்பதற்குத் தகுதி, பொருத்தம் என்னும் பொருள்கள் யாவரும் அறிந்தவை. நீதி, நடுவுநிலைமை என்னும் பொருள்களும் அதற்கு உண்டு. திருக்குறளின் நடுவு நிலைமை அதிகாரத்தில் அச்சொல் இடம்பெறுதலை அறிவோம். ஒரு நிகழ்ச்சி நிகழ்வதற்கு எவ்வளவு தகுதி உடையது என்பதைக் குறிக்கக் கலைச்சொல் ஆக்கியோர் தேர்ந்த சொல், நடுவுநிலைமையின் பெயராகவும் இருத்தல் எண்ணி மகிழத்தக்கது.

இனிப் ‘பாடு’ என்னும் சொல். ‘படு’ என்னும் வினையின் முதல் நீண்டு அமைந்த பெயர் இது. வலையில் படுவது மீன்பாடு. உடல் வருந்திச் செய்யும் உழைப்பும் பாடு. ‘அவரவர் பாடு அவரவர்க்கு’ என்னும் பேச்சுவழக்கில் பங்கும் நிலைமையும் ஒருங்கே பாடு ஆகின்றன. உழைப்பு, பிடிபடுவது, பங்கு ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழி, அம்மூன்றையும் ஒரே முறையில் இணைத்த ஊர்வழக்கிற்கும் அப்பெயரையே இட்டிருத்தல் பொருத்தமே.

ஏரியும் முறையும்

இந்திய நாட்டின் உவர்நீர் ஏரிகளுள் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்த பெருமை உடையது பழவேற்காட்டு ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. வங்கக் கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஸ்ரீஹரிகோட்டா என்னும் நெடுந்தீவு கிடக்கின்றது. ஆரணியாறும் காளங்கியும் நன்னீரைக் கொணர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் புகுந்து மீள்கின்றது. இவ்விரு நீரும் கலக்கும் இடத்தில் இறால் வளர்கின்றது. கடலில் பிறந்து, குஞ்சுப் பருவத்தில் ஏரிக்குள் புகுந்து, வளர்ந்தபின் மீண்டும் கடலை நாடிச் செல்லும் இயல்புடையது அது. அவ்வாறு செல்லும் வழியில் கழிகளை ஊன்றி வலையைக் கட்டினால், வற்றும் நீரோடு இறாலும் வந்து அகப்படும்.

இங்கேதான் சிக்கல் தோன்றுகின்றது. ஏரியின் எல்லா இடமும் ஒரே தன்மை உடையது அன்று. நீரோட்டம் மிகுந்த இடத்தில் வலை நிறையும். ஓட்டம் குன்றிய இடத்தில் வெறுங்கையோடு திரும்ப நேரும். நல்ல இடத்தை எவர் பெறுவது? வலியவர் கைப்பற்றலாம், முந்தி வந்தவர் பிடிக்கலாம், பொருள் உடையவர் ஏலத்தில் எடுக்கலாம். இம்மூன்று வழியையும் விலக்கி நான்காவது வழியைத் தேர்ந்தனர் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர். துறைகளை முன்னரே வரையறுத்து, சீட்டின் மூலமும் முறைவைத்துச் சுற்றுவதன் மூலமும் அவற்றைப் பகிர்ந்துகொள்வதே பாடு முறை. கொச்சியின் உப்பங்கழிகளில் ஊன்றி வலை கட்டுவோரிடையேயும், இலங்கையின் நீர்கொழும்புக் களப்பில் கழிவலை கட்டுவோரிடையேயும் இதனை ஒத்த முறைகள் வழங்கிவந்துள்ளன. நீர்கொழும்பில் 1958ஆம் ஆண்டிலேயே இதற்கு அரசின் சட்டவிதியும் அமைந்தது.

கூறுவெளியும் நிகழ்ச்சியும்

பாடத்திற்கு வருவோம். விளக்கத்தின் பொருட்டு ஒரு சிற்றூரில் 12 துறைகளும் 12 குடும்பங்களும் உள்ளன என்று கொள்வோம். இவ்வெண்கள் நாம் கணக்கிற்காக அமைத்துக்கொண்டவையே. 12 துறைகளுள் 3 நல்லவை, 6 நடுத்தரமானவை, 3 தாழ்ந்தவை. ஒவ்வொரு துறையின் பெயரையும் ஒரு சீட்டில் எழுதிச் சுருட்டி, ஒரு பானையில் இட்டுக் குலுக்கி, குடும்பத்திற்கு ஒன்றாக எடுக்கின்றனர்.

விளைவு இன்னது என்று முன்கூட்டிக் கூற இயலாது. ஆனால் விளைவுகள் எவையெவை ஆகலாம் என்பது தெரியும். இத்தகைய செயலைச் ‘சமவாய்ப்புச் சோதனை’ என்பர். ஆகக்கூடிய விளைவுகள் அனைத்தின் தொகுப்பும் ‘கூறுவெளி’ எனப்படும். ஈண்டு ஒருவர் கைக்கு வரக்கூடிய 12 சீட்டுகளும் கூறுவெளி. அதன் ஒரு பகுதி ‘நிகழ்ச்சி’. ‘நல்ல துறை கிடைத்தல்’ என்பது 3 விளைவுகளைக் கொண்ட நிகழ்ச்சி.

எல்லா விளைவும் ஒத்த வாய்ப்புடையன எனின், ஒரு நிகழ்ச்சிக்குச் சாதகமான விளைவுகளின் எண்ணிக்கையை மொத்த விளைவுகளின் எண்ணிக்கையால் வகுத்துக் கிடைப்பதே அதன் நிகழ்தகவு. நல்ல துறை கிடைக்கும் நிகழ்தகவு 3/12, அதாவது 1/4. நடுத்தரத் துறைக்கு 1/2. தாழ்ந்த துறைக்கு 1/4. மூன்றையும் கூட்டினால் 1 வருதல் காண்க. எந்த நிகழ்தகவும் 0க்குக் குறையாது, 1ஐ விஞ்சாது. நிகழவே இயலாதது 0. நிகழ்ந்தே தீர்வது 1.

‘ஒத்த வாய்ப்பு’ என்னும் சொற்றொடரை மாணவர் எளிதாகக் கடந்துவிடுதல் கூடாது. சீட்டுகள் ஒரே அளவினவாக இருத்தல், ஒரே வகையில் சுருட்டப்பட்டிருத்தல், நன்கு குலுக்கப்படுதல், எடுப்பவர் பானைக்குள் நோக்காதிருத்தல் ஆகிய அனைத்தும் நிறைவேறினால் அன்றி 1/4 என்னும் விடைக்குப் பொருளில்லை. ஏட்டில் ஒரு சொல்லாக இருப்பது, ஊரில் பலர் விழித்திருந்து காக்கும் ஒழுக்கமாகின்றது.

முதலில் எடுப்பவர்க்கு நன்மை உண்டோ?

சீட்டு எடுக்கும் எவ்விடத்தும் எழும் பூசல் ஒன்று உண்டு. ‘முன்னே எடுப்பவர் நல்லதை எடுத்துச் சென்றுவிடுவார்; பின்னே வருவோர்க்கு எஞ்சியதுதானே கிடைக்கும்?’ என்பதே அது. கேட்டவுடன் இது மெய்போல் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம்.

முதலில் எடுப்பவர்க்கு நல்ல துறை கிடைக்கும் நிகழ்தகவு 3/12. இரண்டாமவர் நிலை என்ன? இரு வகையாகப் பிரித்து ஆராய வேண்டும். முதல்வர் நல்ல துறையை எடுத்துவிட்டால், எஞ்சிய 11 சீட்டுகளுள் 2 மட்டுமே நல்லவை. இரண்டாமவர்க்கு உரிய நிகழ்தகவு 2/11. முதல்வர் வேறு துறையை எடுத்திருந்தால், 11 சீட்டுகளுள் 3 நல்லவை, அப்போது 3/11. இவ்வாறு ஒன்று நிகழ்ந்தது தெரிந்தபின் மற்றொன்றிற்குக் கணிக்கப்படுவதே ‘நிபந்தனை நிகழ்தகவு’.

இவ்விரு வகையையும் அவை நேரும் வாய்ப்பால் பெருக்கிக் கூட்டுக. முதல்வகை: 3/12 பெருக்கல் 2/11, அதாவது 6/132. இரண்டாம் வகை: 9/12 பெருக்கல் 3/11, அதாவது 27/132. கூட்டினால் 33/132. சுருக்கினால் மீண்டும் 1/4. மூன்றாமவர்க்கும் பன்னிரண்டாமவர்க்கும் இவ்வாறே கணக்கிடலாம், விடை மாறாது.

கணக்கை விரும்பாதார்க்கு வேறொரு வழியும் கூறலாம். நன்கு குலுக்கிய 12 சீட்டுகளையும் பிரிக்காமலே ஒரு வரிசையில் வைப்பதாகக் கொள்க. ஒவ்வொருவரும் தத்தம் இடத்திற்கு நேரே உள்ளதை எடுத்துக்கொள்கின்றனர். முதல் இடத்தில் நல்ல சீட்டு விழுவதற்கும் கடைசி இடத்தில் விழுவதற்கும் என்ன வேறுபாடு? ஏதுமில்லை. ஆகவே முந்தி எடுப்பது பெருமையும் அன்று. பிந்தி எடுப்பது இழப்பும் அன்று. வயதில் மூத்தவரை முதலில் எடுக்கச் செய்வது மரியாதையே ஒழிய, சலுகை ஆகாது.

ஒன்று கருதத்தக்கது. ஒவ்வொரு சீட்டையும் எடுத்தவுடன் பிரித்து உரக்கப் படித்தால், பின்னிற்போரின் நிகழ்தகவு 2/11 என்றும் 3/11 என்றும் கணந்தோறும் மாறுவதாகத் தோன்றும், மனம் பதறும். எல்லோரும் எடுத்தபின் ஒருங்கே பிரித்தால் அப்பதற்றம் இல்லை. நிகழ்தகவு நம் அறிவின் நிலையையும் சார்ந்தது என்னும் ஆழ்ந்த உண்மை இதில் அடங்கியுள்ளது.

சீட்டு மட்டும் போதுமா?

எடுக்குமுன் அனைவரும் சமம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது. எடுத்தபின்? ஒருவர்க்கு நல்ல துறை; மற்றொருவர்க்குத் தாழ்ந்த துறை. அடுத்த ஆண்டு மீண்டும் சீட்டு எடுத்தால் சரியாகிவிடும் என்று சிலர் கருதலாம். அதனையும் கணக்கிடுவோம்.

ஆண்டுதோறும் புதிதாகச் சீட்டு எடுத்து, அவ்வாண்டு முழுவதும் அதே துறையில் வலை கட்டும் வழக்கம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். ஓராண்டின் சீட்டு மற்றோராண்டின் சீட்டைப் பாதிப்பதில்லை. இத்தகையவற்றைச் ‘சாரா நிகழ்ச்சிகள்’ என்பர்; அவை அனைத்தும் நிகழும் நிகழ்தகவைக் காணத் தனித்தனி நிகழ்தகவுகளைப் பெருக்க வேண்டும். நல்ல துறை கிடைக்காமற்போகும் நிகழ்தகவு 3/4. நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கிடைக்காமற்போவது 3/4ஐ நான்கு முறை பெருக்கிய 81/256, ஏறத்தாழ 0.32. அதாவது 12 குடும்பங்களுள் சராசரியாக ஏறத்தாழ 4 குடும்பங்கள், நான்கு ஆண்டுகளாகியும் நல்ல துறையின் முகத்தையே காண மாட்டா. முறை நேர்மையானதே. ஆயினும் அக்குடும்பங்களின் அடுப்பிற்கு அந்நேர்மை எவ்வாறு உதவும்?

‘மூன்றாண்டு கிடைக்கவில்லை; ஆதலால் இவ்வாண்டு கட்டாயம் கிடைக்கும்’ என்று மனத்தைத் தேற்றிக்கொள்வதும் பிழை. பானைக்கு நினைவு இல்லை. நான்காம் ஆண்டிலும் நிகழ்தகவு அதே 1/4. சூதாடிகள் பொருளை இழப்பதற்கு இப்பிழையே பெருங்காரணம்.

பாடு முறையின் நுட்பம் இங்கே விளங்குகின்றது. சீட்டோடு சுற்றையும் அது இணைத்துக்கொள்கின்றது. நம் எடுத்துக்காட்டில், சீட்டு தொடக்க இடத்தை மட்டும் தீர்மானிக்கட்டும். மறுநாள் ஒவ்வொருவரும் அடுத்த துறைக்கு நகரட்டும். 12 நாள்களில் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு துறையிலும் ஒருமுறை வலை கட்டிவிடும். ஒரு சுற்றுக்குள் நல்ல துறை கிடைக்கும் நிகழ்தகவு இப்போது 1/4 அன்று, 1. வாய்ப்பாக இருந்தது உறுதியாகிவிட்டது.

அப்படியாயின் சீட்டே வேண்டாமே எனின், அதுவும் பொருந்தாது. துறைகள் வேறுபடுவதுபோல் நாள்களும் வேறுபடுகின்றன. நீரேற்றம் மிக்க நாளில் நல்ல துறையில் இருப்பதும், ஏற்றம் குன்றிய நாளில் அங்கிருப்பதும் ஒன்றல்ல. இடத்தின் ஏற்றத்தாழ்வைச் சுற்று நீக்குகின்றது. எவர் எந்நாளில் எங்கே தொடங்குவது என்பதில் எஞ்சும் ஏற்றத்தாழ்வை எவரும் குறைகூற இயலாதபடி சீட்டு ஆற்றுகின்றது.

பட்டறிவின் கணக்கு

இதுவரை கண்டது, விளைவுகள் ஒத்த வாய்ப்புடையன என்னும் கொள்கையால் பெறப்படும் நிகழ்தகவு. ஆனால் ‘இன்றிரவு வலை நிறையுமா?’ என்னும் வினாவிற்கு அவ்வழி உதவாது. நிறைவது, நிறையாதது என இரண்டே விளைவு. ஆதலால் பாதிக்குப் பாதி என்று எவரேனும் கூறின், மீனவச் சிறுவனும் நகைப்பான். இங்கே எண்ணிப் பார்த்தே அறிதல் வேண்டும். பலமுறை நிகழ்ந்தவற்றுள் எத்தனை முறை இன்னது நேர்ந்தது என்று கண்டு கூறுவது ‘பட்டறி நிகழ்தகவு’.

எண்ணி அறியும் இவ்வழியின் ஆற்றலை 9ஆம் நூற்றாண்டிலேயே வேறொரு துறையில் பயன்படுத்தியவர் அல்கிந்தீ என்னும் அறிஞர். மறைமொழியில் எழுதப்பட்ட ஓலையில் எந்தக் குறி மிகுதியாக வருகின்றது என்று எண்ணி, அம்மொழியில் மிகுதியாக வரும் எழுத்தோடு அதனைப் பொருத்தி மறைபொருளை வெளிப்படுத்தலாம் என்று அவர் விளக்கினார். எழுத்தைக் கற்கும் நாம் எண்ணையும் ஏன் கற்க வேண்டும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஒருவர் 100 இரவுகளின் மீன்பாட்டைக் குறித்து வைத்தார் என்று கொள்வோம். இவையும் பயிற்சிக்குரிய எண்களே. அமாவாசை, பௌர்ணமி ஆகியவற்றை ஒட்டிய இரவுகள் 40. அவற்றுள் நல்ல பாடு 28. ஏனைய இரவுகள் 60. அவற்றுள் நல்ல பாடு 18. மொத்தத்தில் நல்ல இரவுகள் 46. ஆகவே பொதுவான நிகழ்தகவு 0.46. நிலவின் நிலை தெரிந்தபின்னரோ, முன்னவற்றிற்கு 28/40, அதாவது 0.7; பின்னவற்றிற்கு 18/60, அதாவது 0.3. ஒரே ஏரி, ஒரே வலை. ஒரு செய்தி கூடியவுடன் எதிர்பார்ப்பு மாறிவிட்டது. முதிய மீனவர் வானத்தையும் நீரின் நிறத்தையும் நோக்கிவிட்டு ‘இன்று போகலாம்’ என்று கூறுவது குறி சொல்லுதல் அன்று. பல்லாண்டுகள் மனத்தில் எழுதிவைத்த நிபந்தனை நிகழ்தகவே ஆகும்.

எண்ணிக்கை பெருகப் பெருகப் பட்டறி நிகழ்தகவு உண்மை நிகழ்தகவை அணுகும் என்பதை மெய்ப்பித்தவர் யாக்கோபு பெர்னூலி. அவர் மறைந்து எட்டாண்டுகளுக்குப் பின்னர், 1713இல் அந்நூல் வெளிவந்தது. ஐந்து இரவுகளைக் கண்டு முடிவு கூறுபவரினும் ஐந்நூறு இரவுகளைக் கண்டவர் சொல் ஏன் நம்பத்தக்கது என்பதற்கு இதுவே விடை. ஆனால் அவ்விரவுகள் ஒரே தன்மையினவாக இருந்திருத்தல் வேண்டும். முகத்துவாரம் மணல்மூடி நீர்வரத்து மாறிய ஏரியில், திறந்திருந்த காலத்துக் கணக்கு அப்படியே பொருந்தாது.

சீட்டும் சூதும்

சீட்டெடுத்தல் சூதாகாதா என்று வினவும் பெரியோர்க்கு விடைகூறக் கடமைப்பட்டுள்ளோம். இதற்கு ‘எதிர்பார்ப்பு’ என்னும் கருத்து துணைசெய்யும். ஒவ்வொரு விளைவின் பயனையும் அதன் நிகழ்தகவால் பெருக்கிக் கூட்டுவதே எதிர்பார்ப்பு. இக்கருத்தை விளக்கிய முதல் அச்சு நூலை 1657இல் வெளியிட்டவர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் என்னும் ஒல்லாந்து அறிஞர். பாஸ்கலும் ஃபெர்மாவும் 1654இல் எழுதிக்கொண்ட கடிதங்களே அதற்கு வித்து. அந்நூல் அச்சேறிய ஆண்டில் பழவேற்காடு ஒல்லாந்தர் கையில் இருந்தது. 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையே சோழமண்டலக் கரையில் அவர்தம் தலைமையிடம். எதிர்பார்ப்பின் இலக்கணம் ஒல்லாந்தில் அச்சாக, அவர்தம் கோட்டையின் அருகே கிடந்த ஏரியோ, பங்கிட்டு வாழ்வதற்கு அக்கணக்கையே வேண்டி நின்றது.

நம் எடுத்துக்காட்டில் நல்ல துறையின் ஒருநாள் வருவாய் 2000 ரூபாய், நடுத்தரத்திற்கு 1000, தாழ்ந்ததற்கு 400 என்று கொள்வோம். எதிர்பார்ப்பு: 2000இல் 1/4 ஆகிய 500, 1000இல் 1/2 ஆகிய 500, 400இல் 1/4 ஆகிய 100, கூட்டினால் 1100 ரூபாய். 12 குடும்பங்களுக்கும் சேர்த்து 13,200. ஏரி அன்று தரும் மொத்த வருவாயும் 13,200தான். ஏரி தந்தது முழுவதும் ஊர்க்கே சேர்ந்தது. இடையில் எவரும் கவரவில்லை.

பரிசுச்சீட்டை இதனோடு ஒப்பிடுக. 10 ரூபாய் விலையில் ஓர் இலட்சம் சீட்டுகள் விற்று, பரிசாக மொத்தம் 5 இலட்சம் ரூபாய் கொடுத்தால், சீட்டு ஒன்றின் எதிர்பார்ப்பு 5 ரூபாய். 10 ரூபாய் கொடுத்து 5 ரூபாயை வாங்கும் வாணிகம் அது. தமிழ்நாட்டில் 2003இல் பரிசுச்சீட்டு விற்பனை தடைசெய்யப்பட்டமை பல குடும்பங்களைக் காத்தது எனலாம். சூதில் பொருளைப் பணயம் வைத்து மற்றவர் பொருளைக் கவர முயல்கின்றனர். பாட்டிலோ, அனைவர்க்கும் பொதுவான ஒன்றைப் பூசலின்றிப் பகிர்கின்றனர்; பணயமும் இல்லை, தோற்பவரும் இல்லை. இவ்வேறுபாட்டை நம் சமய மரபும் நன்கு உணர்ந்துள்ளது. சூதை விலக்கிய திருக்குர்ஆனில், மர்யம் (அலை) அவர்களை வளர்க்கும் பொறுப்பு எவர்க்கு என்பதை எழுதுகோல்களை எறிந்து முடிவு செய்த செய்தி இடம்பெறுதலை அறிவோம்.

குடத்துள் எவர் ஓலை?

இனி, கணக்கினும் கடினமான ஒன்றைக் கருத வேண்டும். இதுவரை 12 குடும்பங்கள் என்று எடுத்துக்கொண்டோம். அப்பன்னிருவர் எவர்? அவரை வரையறுத்தவர் எவர்?

குடத்திலிருந்து ஓலை எடுக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் மிகப் பழமையானது. அகநானூற்றில் அது உவமையாகவே வருகின்றது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளை ஒட்டியவை, அம்முறையை விரிவாகக் கூறுகின்றன. 30 குடும்புகளாக ஊரைப் பிரித்து, தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஒத்த வாய்ப்பைக் காப்பதில் எத்துணை விழிப்பு! முந்தைய மூன்றாண்டுகளுக்குள் வாரியப் பொறுப்பு வகித்தோரை விலக்கியது, பாட்டின் சுற்றை நினைவூட்டும் ஏற்பாடு. ஆனால் ஓலை இடப்பட வேண்டுமெனின் வரிசெலுத்தும் நிலம் கால்வேலி வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருத்தல் வேண்டும், கல்வி வேண்டும். நிலமற்ற உழவனின் ஓலை குடத்திற்குள் செல்லவே இல்லை. அவன் தேர்ந்தெடுக்கப்படும் நிகழ்தகவு குறைவானது அன்று, 0.

பழவேற்காட்டிலும் இவ்வினா உண்டு. பாட்டுரிமை மரபாக முற்கூறிய ஊர்களின் பட்டினவர் சமூகத்து ஆடவர்க்கே உரியது. ஏரியைச் சுற்றிலும் வேறு ஊரினரும் வேறு சமூகத்தினரும் வாழ்கின்றனர். நீருக்குள் அமர்ந்து கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் மக்களும், பெண்டிரும் அவ்வேரியையே நம்பியுள்ளனர். இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் விலை உயர்ந்தபின், ஏரியில் வலை வீச வந்தோர் தொகையும் பெருகியது. உரிமை உடையோர்க்கும் இல்லாதார்க்கும் இடையே பூசல்களும் எழுந்தன.

உரிமையை அனைவர்க்கும் விரித்துவிட்டால் முடிந்தது என்று எளிதாகக் கூறிவிடவும் இயலாது. நம் எடுத்துக்காட்டில் 12 துறைகளுக்கு 24 குடும்பங்கள் வந்தால், நாளொன்றுக்குப் பாதிப்பேர்க்கு வெற்றுச் சீட்டே வரும். நல்ல துறையின் நிகழ்தகவு 1/4இலிருந்து 1/8 ஆகும். எதிர்பார்ப்பு 1100இலிருந்து 550 ரூபாய் ஆகும். துறைகளைப் பெருக்கினால், முன்வலைகள் அள்ளியபின் பின்வலைகளில் மிச்சம் குறையும். உள்ளே இருப்போர் கதவை ஏன் காக்கின்றனர் என்பதும், வெளியே நிற்போர் ஏன் தட்டுகின்றனர் என்பதும் இவ்வெண்களிலேயே விளங்கும். இருவரும் பேராசைக்காரர் அல்லர். இருவர்க்கும் வயிறு உண்டு.

1933இல் கொல்மகோரோவ் என்னும் ருசிய அறிஞர் நிகழ்தகவிற்கு உறுதியான அடிகோள்களை வகுத்தபோதும், கூறுவெளி கொடுக்கப்பட்டுள்ளது என்றே தொடங்கினார். அதனை யார் கொடுப்பது, யாரைச் சேர்ப்பது என்பது கணிதத்தின் வினா அன்று, ஊரின் வினா. சீட்டைத் தூய்மையாகக் குலுக்கியதாலேயே முறை முழுவதும் நீதியானது என்று கருதுவோர், குடத்திற்கு வெளியே கிடக்கும் ஓலைகளை எண்ண மறந்தவர் ஆவர்.

முடிவுரை

நிகழ்தகவு ஒரு பின்னம். அதன் மேலெண்ணைத் தொகுதி என்றும் கீழெண்ணைப் பகுதி என்றும் பள்ளியிலேயே கற்றோம். பழவேற்காட்டில் தொகுதி ஏரியைச் சார்ந்தது. முகத்துவாரம் மணல்மூடாது திறந்திருந்தால், ஆறுகள் நன்னீரைக் கொணர்ந்தால், கழிவுகள் கலவாதிருந்தால், நல்ல துறைகள் 3 என்பது 4 ஆகலாம். அல்லாவிடில் 1 ஆகவும் குறையலாம். பகுதியோ ஊரைச் சார்ந்தது. எத்தனை பேரைப் பங்காளிகளாக ஏற்பது என்பதை மனிதரே பேசித் தீர்மானிக்க வேண்டும். தொகுதி சுருங்கும் காலத்தில் பகுதியைப் பற்றிய பூசல் கடுமையாகும். ஆதலால் ஏரியைக் காப்பதே உள்ளிருப்போர்க்கும் வெளியிருப்போர்க்கும் பொதுவான முதற்கடன் என்பது, இப்பின்னத்தை நோக்கிய அளவிலேயே புலனாகும்.

மாணவர்கள் இனி நிகழ்தகவுக் கணக்கு ஒன்றைச் செய்யும்போது மூன்று வினாக்களைத் தமக்குள் எழுப்பிக்கொள்வாராக. விளைவுகள் உண்மையிலேயே ஒத்த வாய்ப்புடையனவா? ஒன்று நிகழ்ந்தது மற்றொன்றை மாற்றுகின்றதா? கூறுவெளியில் இடம்பெற வேண்டியவை அனைத்தும் இடம்பெற்றுள்ளனவா? முதல் இரண்டிற்கும் விடைகாணப் புள்ளியியல் துணைசெய்யும். மூன்றாவதற்கு விடைகாணத் தகவு வேண்டும். அச்சொல்லின் பழம்பொருளாகிய நடுவுநிலைமையோடு கூடிய தகவு வேண்டும்.